அடுத்த ஆல்பம்தான் மாஸ்டர்பீஸ்!

போன ஞாயிற்றுக்கிழமை என் மானம் கப்பலேறத் தயாராக நின்றது. காரணம்? இருபது வருடங்களாக நான் சொல்லிவரும் ஒரே ஒரு பொய்.

ஒரு பிரிட்டிஷ் ராக் குழு. பெயர் வேண்டாம், ரசிகர்கள் வீடு தேடி வந்துவிடுவார்கள். எழுபதுகளில் அவர்களுடைய ஓர் ஆல்பம் உலகத்தையே ஒரு கலக்குக் கலக்கியது. கோயம்புத்தூரில் நான் கல்லூரியில் படித்தபோது யாராவது அதைப் புகழ்ந்தால், லேசாக உதட்டைச் சுழித்துச் சொல்வேன்: "அது சரி... ஆனா அதுக்கு அடுத்து வந்த ஆல்பம்தான் மாஸ்டர்பீஸ்."

எதிரில் இருப்பவர் கப்சிப். ஏன்? அந்த அடுத்த ஆல்பத்தை அவர் கேட்டிருக்க மாட்டார்.

நானும்தான்!

இந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டே கல்லூரியை முடித்தேன், கல்யாணம் செய்துகொண்டேன், சிட்னிக்கும் வந்து சேர்ந்தேன். ஒருமுறைகூட மாட்டிக்கொண்டதில்லை. ஹோம்புஷ் பகுதியில் எங்கள் ஃபிளாட்டில் நடந்த ஒரு பிறந்தநாள் பார்ட்டி வரை.

யாரோ அந்தப் பெரிய ஆல்பத்தைப் புகழ, வழக்கம்போல வசனத்தை எடுத்துவிட்டேன். மேல்மாடி சிவநேசன் அண்ணன் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் துள்ளி எழுந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"அட! முப்பத்தஞ்சு வருஷமா நானும் இதைத்தான் சொல்லிக்கொண்டு திரியிறன். ஒருத்தரும் நம்பேல்லை! அந்த ரெக்கார்டே என்னட்டக் கிடக்கு. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லாரும் வாங்கோ, இருந்து கேப்பம்."

"கண்டிப்பா வர்றேன் அண்ணா" என்றது வாய். கால் வாசலைத் தேடியது.

போனிலேயே கேட்டுத் தேறிவிடலாமே என்கிறீர்களா? அதையும் செய்தேனே! சனிக்கிழமை சிட்டிக்குப் போகும் ரயிலில் ஏறி, இயர்போனை மாட்டினேன். ஒரே நீளமான முன்னிசை. பாடகர் வாயைத் திறப்பதற்குள் என் கண் மூடிவிட்டது. சென்ட்ரல் ஸ்டேஷனில் ஒரு புண்ணியவதி தட்டி எழுப்பினார். அதற்குள் பாதி ஆல்பம் ஓடியிருந்தது.

ஞாயிறு மாலை மேல்மாடிக்குப் போனேன். பார்ட்டியில் இருந்த ஆறு பேரும் எனக்கு முன்பே ஆஜர். சிவநேசன் அண்ணனின் மனைவி ராஜி அக்கா சுடச்சுட ரோல்ஸ் பொரித்து வைத்திருந்தார். நான் இரண்டு வாக்கியங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். "பேஸ் கிடாரைக் கவனிங்க." "இந்த இடம்... ஆஹா!" இடம் பார்த்து வீச வேண்டியதுதான்.

அண்ணன் அலமாரியைத் திறந்து, கைக்குழந்தையை எடுப்பதுபோல அந்த ரெக்கார்டை எடுத்து வந்தார். ராஜி அக்கா குனிந்து பார்த்தார்.

"இதென்னப்பா, மேல் பிளாஸ்டிக் இன்னும் பிரிக்கேல்லை?"

அண்ணன் ரெக்கார்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இது... ரெண்டாவது கொப்பி."

"அப்ப முதலாவது எங்க?"

அண்ணன் முகம் சுருங்கிப்போனது. யாரோ களுக்கென்று சிரித்தார். இன்னொருவர், "அங்கிள், அப்போ நீங்க கேட்டதே இல்லையா?" என்று வேறு கேட்டுவிட்டார்.

நான் தப்பித்துவிட்டேன்! இனி என்னை யார் சோதிக்கப் போகிறார்கள்? வாயை மூடிக்கொண்டு இன்னொரு ரோல்ஸ் சாப்பிட்டிருக்கலாம். ஆனால், அந்த மனிதர் ரெக்கார்டின் ஓரத்தை நகத்தால் தடவிக்கொண்டு தலைகுனிந்து நின்றதைப் பார்த்த பிறகு ரோல்ஸ் எங்கே இறங்கும்?

"அண்ணா, நானும் கேட்டதில்ல. இருபது வருஷமா சும்மா அளந்துட்டிருக்கேன். நேத்து ரயில்ல கேக்க முயற்சி பண்ணி, தூங்கிட்டேன்."

சிரிப்பில் வீடே அதிர்ந்தது. அதிகம் சிரித்தவர் சிவநேசன் அண்ணன்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மெல்பனுக்கு வந்த முதல் குளிர்காலம். ஆரையும் தெரியாது. அந்தப் பெரிய ஆல்பம்தான் எனக்குத் துணை. ஹெட்போனைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு நாளும் கேப்பன். பிறகு இதையும் வாங்கினன். பிரிக்கப் பயமாய் இருந்தது."

"என்ன பயம் அண்ணா?"

"இது நல்லாயில்லாட்டி... அதுவும் கெட்டுப்போகுமோ எண்டு."

எனக்கு அந்தக் குழுவை நினைத்துப் பாவமாக இருந்தது. ஒரு பிரம்மாண்ட வெற்றிக்குப் பிறகு மறுபடி ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது அவர்களுக்கும் இதே பயம்தானே இருந்திருக்கும்? அவர்களாவது துணிந்து பாடிவிட்டார்கள். நாங்கள் கேட்கக்கூட இல்லை.

ராஜி அக்கா சமையலறைக்குப் போய்க் கத்தியோடு வந்தார். சர்ரென்று ஒரே கீறல். முப்பத்தைந்து வருடப் பயம் பிளாஸ்டிக் சுருளாகக் குப்பைக்கூடைக்குப் போனது.

ஆல்பம் எப்படி? நேர்மையாகச் சொல்கிறேன். முதல் பாட்டு, ரயிலில் நான் தூங்கியது நியாயம்தான். இரண்டாவது சுமார். மூன்றாவதில் அந்தப் பாடகர் குரலைத் தாழ்த்தி, ஏதோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பாடினார். யாரும் ரோல்ஸைத் தொடவில்லை.

முடிந்ததும் ராஜி அக்கா சொன்னார்: "இதைத் திரும்பப் போடுங்கோ. இவ்வளவு நாளும் அந்தப் பெரிய ஆல்பத்தை ஏனப்பா ஹெட்போனுக்குள்ள தனிய வச்சுக் கேட்டனீங்கள்?"

அண்ணன் ஊசியைத் தூக்கினார். பாட்டைத் திரும்பப் போட்டார். சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார்.

பத்து நிமிடத்தில் எங்கள் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழுவில் புகார்: மேல்மாடியில் யார் இவ்வளவு சத்தம் போடுவது?

அந்தக் குழுவில் இதுவரை கட்டைவிரல் எமோஜியைத் தவிர வேறொன்றும் போடாத ராஜி அக்கா, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் பதில் தட்டினார்.

"சாரி. ரெக்கார்டில மற்றப் பக்கமும் இருக்கு."