மாதுறு ஓயா வாசலில் மத்தியானச் சோறு

இன்று விடிய, யானை பார்க்கக் குடும்பமாக மாதுறு ஓயா தேசிய பூங்காவுக்குப் போனோம். ஜீப் ஏறாவூர் நசீர் நானாவுடையது; ஓட்டியதும் அவர்தான்.

மாமி வாவி இறால் கறியோடு ஆளுக்கொரு சோற்றுப் பார்சல் கட்டியிருந்தார். எல்லாம் லஞ்ச் ஷீட் என்கிற பொலித்தீன் தாளில்.

வாசலில் நின்ற அதிகாரி பையைத் திறந்து பார்த்தார்.

"பொலித்தீன் உள்ளுக்குக் கொண்டு போக ஏலாதும்மா."

"அப்ப சோறு?"

"சோத்துக்குத் தடையில்ல. ஷீட்டுக்குத்தான்."

மாமி கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப வயித்துக்குள்ள வெச்சுக் கொண்டு போகலாம்தானே மனே?"

சொல்லிக்கொண்டே அதிகாரியின் கையிலும் ஒரு பார்சலைத் திணித்தார். வெயில் ஏறுமுன்பே மத்தியானச் சாப்பாடு முடிந்தது. வெறும் ஷீட்டுகளை வாசலில் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினோம்.

வயிறு நிறைய இறால் கறி, ஜீப்பின் தாலாட்டு, காட்டுக் காற்று. அதற்குப் பிறகு எனக்கு ஒன்றும் நினைவில்லை.

திரும்பி வாசலுக்கு வந்ததும் மாமி சண்டைக்குப் போனார்.

"என்ன தம்பி, ஒரு யானையக்கூடக் காட்டல்லியே!"

நசீர் நானா தன் போனை நீட்டினார்.

"எல்லாரையும் தட்டித் தட்டி எழுப்பினன் மாமி. சத்தம் போட்டா யானை குழம்பிரும். அதான் படமெடுத்து வெச்சன்."

அந்தப் படத்தைத்தான் கீழே போட்டிருக்கிறேன். முன்னால் நாங்கள், பின்னால் யானை.

இதில் கண் திறந்திருப்பது யார் என்று சொல்லுங்கள் பார்ப்போம்.