ஆசிட் ஊற்றாத பேட்டரி

எங்கள் பங்காளிக் குடும்பங்களின் பதிவேட்டில் மகுடேஸ்வரனைப் பற்றி மூன்றே குறிப்புகள் உள்ளன: 1967இல் பிறப்பு, 1994இல் சாரதாமணியுடன் திருமணம், 2018இல் சாரதாமணியின் மறைவு. என் பெரியப்பா மகனான அவருக்கு அதன் பிறகும் வாழ்க்கை இருந்திருக்கிறது. இங்கே எழுதியிருப்பவை அவரே சொன்னவை. தேதிகளை மட்டும் அவர் வீட்டு நாட்காட்டியோடும் மருத்துவச் சீட்டோடும் ஒப்பிட்டுக்கொண்டேன்.

அவர் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களைப் பழுது பார்க்கும் ஃபிட்டர். எந்தக் கம்பெனியிலும் சம்பளத்துக்கு இருந்ததில்லை. ஊசி உடைந்து துணியில் கோடு விழுந்தால் தொலைபேசியில் கூப்பிடுவார்கள். ஊசிப் பெட்டியைப் பைக்கில் கட்டிக்கொண்டு கிளம்புவார். காலையில் அவிநாசி, மதியம் மண்ணரை, பொழுது சாய்கையில் மறுபடி பெருமாநல்லூர் என்று முப்பது ஆண்டுகள் ஓடின. வீடு பெருமாநல்லூர் பேருந்து நிறுத்தத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே, சோளக்காட்டுக்கு நடுவில் இருக்கிறது. மகள் ஜனனி சென்னையில் வேலை பார்க்கிறாள். ஆகவே மனிதர்களிடம் போய்ச் சேர அவருக்கு இருந்த ஒரே வழி அந்த பைக்.

2023 செப்டம்பர் 11, திங்கட்கிழமை, அவிநாசியில் ஒரு மெஷினைத் திறந்து வைத்திருந்தபோது அவருக்கு வலிப்பு வந்தது. வாழ்நாளில் முதல் முறை. திருப்பூரில் பரிசோதித்த மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்து, பைக்கைத் தொடவே கூடாது என்றார். ஒரு முழு ஆண்டு வலிப்பே வராமல் இருந்தால் பிறகு பார்க்கலாம் என்றும் சொன்னார்.

தொடக்கத்தில் கம்பெனிக்காரர்கள் ஆள் அனுப்பி அழைத்துப் போனார்கள். தீபாவளி கழிந்ததும் அது குறைந்தது. மண்ணரையில் பதினாறு மெஷின் ஓட்டும் தங்கவேலு மட்டும் பொங்கல் வரை அனுப்பினார். பிறகு அவரும் தொலைபேசியில் சொல்லிவிட்டார்: "ஏனுங்க மகுடு, ஒவ்வொரு ஊசிக்கும் மாப்பிள்ளை அழைப்பு நடத்த முடியுமுங்களா? செப்டம்பர்ல உங்க வண்டியிலயே வாங்க. பதினாறும் உங்களுக்குத்தான்."

அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மகுடேஸ்வரன் அந்த ஆண்டைக் கடந்தார். செப்டம்பரில் சாவியைத் திருகினால் வண்டி கிளம்ப வேண்டும். வேறெதையும் அவர் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் முதலில் ஒரு தவறு செய்தார். வண்டி சும்மா நின்றால் பேட்டரி இறங்கிவிடும் என்று எண்ணி, தினமும் காலையில் செல்ஃப் ஸ்டார்ட்டில் கிளப்பி, ஐந்து நிமிடம் வாசலில் நிறுத்தி உறும விட்டு அணைப்பார். இரண்டே மாதத்தில் ஹாரன் சத்தம் தேய்ந்துபோயிற்று. பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டு, பேருந்து நிறுத்தம் அருகே பேட்டரிக் கடை வைத்திருக்கும் அருண்பாண்டியிடம் கொண்டுபோனார். தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர் அருண்பாண்டி. யாரையும் அண்ணாச்சி என்றுதான் அழைப்பார்.

"அஞ்சு நிமிசம் ஓட்டி நிறுத்துனா, ஸ்டார்ட் பண்ணச் செலவான கரண்டே திரும்ப ஏறாதுல்லா, அண்ணாச்சி. தெனமும் நீங்களேதான் காலி பண்ணியிருக்கீக" என்றார் அவர்.

நிறுத்தி வைக்கும் வண்டியின் பேட்டரியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதை அன்றுதான் மகுடேஸ்வரன் முறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். கழற்றும்போது முதலில் நெகட்டிவ் வயர், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது தலைகீழ். முனையில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் துடைத்து, காய்ந்ததும் வாஸ்லின் தடவ வேண்டும். உள்ளே நீர்மட்டம் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்றலாம்; குழாய்த் தண்ணீர் கூடாது. மாதம் ஒரு முறை சிறிய சார்ஜரில் மெதுவாக ஏற்ற வேண்டும். ஏறும்போது வாயு வெளியேறும் என்பதால் ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அளவுக்கு மேல் ஏறினால் பேட்டரி வெந்துவிடும் என்பதால் நேரம் பார்த்து அணைத்துவிட வேண்டும். மறுநாள் மீட்டரில் பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நலம்.

சாரதாமணி தையல் மெஷின் வைத்திருந்த அறையில் ஒரு பலகை போட்டு, பேட்டரியை அதன்மேல் வைத்தார். மாதத்தின் முதல் ஞாயிறு என்று முறை வைத்துக்கொண்டார். அன்று ஆறு மணிக்கே குளித்து, ஜன்னலைத் திறந்து, ஏழு மணிக்குச் சார்ஜரைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்காருவார். மணிக்கொரு முறை மீட்டர் பார்ப்பார். பன்னிரண்டு மணிக்கு அணைப்பார். மறுநாள் காலை மீட்டர் காட்டும் எண்ணை நாட்காட்டியில் எழுதுவார். டிசம்பர் முதல் ஜூலை வரை எட்டு எண்களை நானே பார்த்தேன். பன்னிரண்டு புள்ளி ஆறுக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஒரு மாதத்தில் தனக்குக் கட்டாயம் என்றிருந்த வேலை அது ஒன்றுதான் என்று அவர் என்னிடம் சொன்னார்.

2024 ஆகஸ்ட் 4, முதல் ஞாயிறு. ஏழு மணிக்குச் சார்ஜர் போட்டது அவருக்கு நினைவிருக்கிறது. ஒன்பது மணிக்கு மீட்டர் பார்த்ததும் நினைவிருக்கிறது. அதன்பின் அவர் கண்டது தரையை. கன்னம் சிமென்டில் அழுந்திக் கிடந்தது. வெயில் எதிர்ப்பக்கச் சுவருக்கு மாறியிருந்தது. அசந்து தூங்கிவிட்டோம் என்றுதான் முதலில் நினைத்தார். பிறகு பேட்டரியின் சீற்றம் காதில் விழுந்தது. அழுகிய முட்டை நாற்றம் அறையில் நின்றது. எழுந்து சுவிட்சை அணைத்தார். மணி நான்கு இருபது. பேட்டரி தொட முடியாத சூட்டில் இருந்தது. பக்கங்கள் உப்பி, நீர் கீழ்க்கோட்டுக்கு வெகு கீழே போயிருந்தது. வாயில் இரத்தச் சுவை தெரிந்தபோது நாக்கைத் தடவிப் பார்த்தார். வேட்டி நனைந்திருந்தது. ஒன்பது மணிக்கும் நான்கு இருபதுக்கும் இடையில் நடந்ததை அந்தப் பேட்டரியைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.

அன்று மாலை ஜனனி வழக்கம்போல் அழைத்தாள். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். தக்காளி ரசம் என்று சொன்னார். அன்று அவர் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

நாட்காட்டியில் ஆகஸ்ட் 5ஆம் தேதிக் கட்டம் காலியாக இருக்கிறது. அடுத்த ஐந்து வாரங்கள் அவர் அதைப் பற்றி எவரிடமும் வாய் திறக்கவில்லை. சொல்லாவிட்டால் செப்டம்பர் 11 அன்று ஆண்டு நிறைகிறது. தங்கவேலு இரண்டு முறை அழைத்து, வந்துவிடுவீர்கள்தானே என்று உறுதி கேட்டார். வந்துவிடுவதாகவே இவரும் சொன்னார்.

செப்டம்பர் 11, புதன்கிழமை, பேருந்தேறித் திருப்பூர் சென்றார். மருத்துவர் பழைய சீட்டைப் புரட்டியபடி, இடையில் ஏதாவது வந்ததா என்று கேட்டார். இல்லீங்க என்றார் மகுடேஸ்வரன். மருத்துவர் எழுதத் தொடங்கினார். அரைப்பக்கம் எழுதியிருப்பார்.

"ஒருக்கா வந்துச்சுங்க. ஆகஸ்ட் நாலு."

பேனா நின்றது. "யாரு பாத்தாங்க?"

"ஆரும் பாக்கலீங்க. ஊட்டுல நான் மட்டுந்தானுங்க."

"அப்புறம் வலிப்புதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"பேட்டரி வெந்து போச்சுங்க."

மருத்துவருக்கு அது விளங்கவில்லை. மகுடேஸ்வரன் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஏன் சொன்னீர்கள் என்று நான் கேட்டபோது, "அவரு கேட்டாரு, சொன்னேன்" என்பதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. நானாக ஒரு காரணத்தைச் சேர்க்க விரும்பவில்லை.

மருந்தின் அளவு கூடியது. ஓராண்டுக் கணக்கு ஆகஸ்ட் நான்கிலிருந்து மறுபடி தொடங்கியது. மருத்துவமனை வாசலில் நின்றே தங்கவேலுவை அழைத்துச் சொன்னார். தங்கவேலு உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தார். மறு வாரமே அங்கே வேறு ஃபிட்டர் வந்துவிட்டதாகக் கேள்வி.

ஊர் திரும்பியவர் நேராக அருண்பாண்டியின் கடைக்குப் போய்ப் புதிய பேட்டரி கேட்டார். அருண்பாண்டி பெட்டியைப் பிரித்து ஆசிட் பாட்டிலைக் கையில் எடுத்தார். இவர் தடுத்தார்.

"ஊத்த வேண்டாங்க. அப்படியே குடுங்க."

"ஊத்தி சார்ஜ் போட்டாத்தான அண்ணாச்சி அது பேட்டரி? இல்லாட்டி வெறும் டப்பா."

"ஊத்தாம ஒரு வருசம் வெச்சா கெட்டுருமுங்களா?"

"பேட்டரி மேல இருக்க சீலப் பிரிக்காத வரைக்கும் ஒண்ணும் ஆவாது. ஆனா வாரண்டி இன்னைலருந்து ஓடும், பாத்துக்கிடுங்க."

"ஓடட்டுங்க."

அருண்பாண்டி பெட்டியைப் பழையபடி ஒட்டி, ஆசிட் பாட்டிலைத் தனிப் பையில் கட்டிக் கொடுத்தார்.

அன்று மாலை ஜனனியின் அழைப்புக்குக் காத்திராமல் இவரே அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டது ஒன்றுதான்.

"அன்னைக்கே ஏம்ப்பா சொல்லல?"

"சொல்லியிருந்தா நீ வந்திருப்ப, கண்ணு."

"வந்திருப்பேன்தான்."

"வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருப்ப."

அந்த வார இறுதியில் வந்து இரண்டு நாள் இருந்தாள். சென்னைக்கு வரும்படி மீண்டும் கேட்டாள்; பார்க்கலாம் என்றார். புறப்படுகையில் பைக்குக்கு ஒரு உறை வாங்கிப் போர்த்திவிட்டுப் போனாள்.

அக்டோபர் 6, முதல் ஞாயிறு. மகுடேஸ்வரன் ஆறு மணிக்கே விழித்துக் குளித்துவிட்டார். ஊற்றாத பேட்டரிக்குச் செய்ய வேண்டியது எதுவும் இல்லை; அது பெட்டிக்குள் அப்படியே கிடக்கும். ஒன்பது மணி வரை வீட்டுக்குள் நடந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து, நிறுத்தத்தில் முதலில் வந்த பேருந்தில் ஏறினார். அது எங்கே போகிறது என்று நடத்துநரிடம்தான் கேட்டாராம். கடைசி நிறுத்தம் வரை சீட்டு வாங்கி, அங்கே இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டு, அதே பேருந்தில் அதே இருக்கையில் திரும்பி வந்தார்.