பவளத்தின் கொம்பும் என் கால் விரலும்

போன புதன்கிழமை உங்கள் மாமா ஓர் உலகப் பயணம் மேற்கொண்டேன். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலத்துக்கு. அறுபது கிலோமீட்டர்தானே என்று இளிக்க வேண்டாம். காலை ஆறு பத்து பஸ்ஸில் உளுந்தூர்பேட்டை வரை ஒற்றைக் காலில் நின்று பாருங்கள், கண்டம் விட்டுக் கண்டம் போவது என்னவென்று புரியும். டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய்.

முதல் நாள் என் தங்கை வசந்தா போன் செய்திருந்தாள். "அண்ணே, நாளைக்கு டாக்டரம்மா வராங்க. பவளத்துக்குக் கொம்புக் குருத்த சுடணும். உன் மாப்ள ஒத்துக்கவே மாட்றாரு. நீ வந்து பேசு."

பவளம் ஐந்து வாரக் கிடேரிக் கன்று. அதன் தாய் போன ஆடி மாதம், பால் கறக்கும்போது ஈயை விரட்டத் தலையைத் திருப்பியது. கொம்பு வசந்தாவின் புருவத்தைக் கிழித்துவிட்டது. ஐந்து தையல். அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். இனி தன் கொட்டகையில் பிறக்கும் கன்றுக்குக் கொம்பே வளரக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். குருத்து இன்னும் மண்டையோட்டில் ஒட்டவில்லை. சில வாரம் தள்ளினால் ஒட்டிக்கொள்ளும். பிறகு செய்வது பெரிய அறுவை சிகிச்சை.

ஏழு ஐம்பதுக்கு விருத்தாசலம். கருவேப்பிலங்குறிச்சி சாலையில் எட்டு கிலோமீட்டர் போக ஆட்டோ இருநூறு ரூபாய். ஓட்டுநர் யூசுப் பாய் சவூதியில் ஒரு பால் பண்ணையில் இருந்தவர். விஷயத்தைச் சொன்னதும் வண்டியின் வேகத்தையே குறைத்துவிட்டார்.

"அங்க ஒரு மாட்டுக்கும் கொம்பு கெடையாதுங்க. மொத நாளு பாத்துட்டு, எல்லாம் ஒட்டகமோன்னு பயந்துட்டேன்."

"இங்க பாவம்னு சொல்றாங்களே பாய்?"

"வலிக்காம செஞ்சா என்னாங்க பாவம்? கொம்பால குத்து வாங்குனவங்களக் கேளுங்க."

மாப்பிள்ளை முருகையன் வாசலிலேயே நின்றிருந்தார். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் இருபது வருடமாகச் சூளை பார்ப்பவர். நெருப்போடு குடும்பம் நடத்துபவர் இதற்கு மட்டும் நடுங்குகிறார். சின்ன வயதில், மரத்துப்போகும் ஊசி போடாமலேயே ஒரு கன்றின் தலையில் யாரோ பழுக்கக் காய்ச்சிய கம்பியை வைத்ததைப் பார்த்திருக்கிறார்.

"அது கத்துன கத்து இன்னும் காதுல கேக்குது மச்சான். அந்தச் சத்தம் என் வூட்டுல கேக்கக் கூடாது."

நான் பஸ்ஸிலேயே தயாரித்திருந்த மாபெரும் உரை அங்கேயே செத்தது.

அதற்குள் வந்து சேர்ந்திருந்த மாட்டு டாக்டரம்மா சொன்னார். "கத்துனா நானே நிறுத்திடுறேன். நீங்க பக்கத்துலயே நின்னு பாருங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் சின்னப்பொண்ணு அக்கா, பக்கத்து வீட்டுக்காரர், ஊர்ப் பாவக் கணக்கு முழுவதும் தன் தலையில் என்பது போல நின்றிருந்தார்; பின்னால் அவர் வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "பச்சப் புள்ள தலையில சூடு வப்பீங்களா? கொம்பில்லாட்டி மாட்டுப் பொங்கலுக்கு எதுல பெயிண்ட் அடிப்பீங்க, வாலுலயா?"

இரு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போட்டு, மரப்பு விட்ட பிறகும் வலிக்காமலிருக்க இன்னொரு ஊசியும் போட்டு, பத்து நிமிடம் காத்திருந்தோம். தலையைப் பிடிக்கும் பதவி எனக்கு. டாக்டரம்மா குருத்தைச் சுற்றி ஊசி முனையால் குத்திப் பார்த்தார். பவளம் என் துண்டைத் தின்பதில் மும்முரமாக இருந்தது. கரண்டில் சூடாகும் கருவியைக் கையில் எடுத்தார்.

"இருங்கம்மா," என்றார் முருகையன்.

போச்சு, நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். வசந்தாவின் முகம் வாடிப்போனது. அவரோ குனிந்து, கருவியின் முனையைச் சூளைக்குள் பார்ப்பது போலக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"நெறம் வரல. இது இன்னும் கறுப்பாத்தான் இருக்குது. இதோட வச்சா ரொம்ப நேரம் அழுத்தணும். ஓல்டேஜ் பத்தல."

டாக்டரம்மா கருவியை உற்றுப் பார்த்தார். "சரியாச் சொன்னீங்க. சூடு கொறைஞ்சாதான் சுத்தித் தோலு வேகும்."

முருகையன் வேலிப் பக்கம் திரும்பினார். "அக்கா! பாவ புண்ணியத்த அப்பறம் பேசலாம். மொதல்ல உங்க மோட்டார ஆப் பண்ணுங்க!"

மோட்டார் நின்றது. மூன்று நிமிடத்தில் முனை மங்கலாகச் சிவந்தது. "இப்ப வைங்க," என்றார் சூளைக்காரர். ஒரு பக்கம் பத்து எண்ணினோம், மறுபக்கம் பத்து. குருத்தைச் சுற்றிச் செம்பு நிறத்தில் வளையம் விழுந்தது. பவளம் கத்தவே இல்லை.

அடுத்த நொடி ஒரு கத்து கேட்டது. விருத்தாசலம் ஜங்ஷனில் ரயில்கள் நின்றிருக்கும், மணிமுத்தாறு திரும்பி ஓடியிருக்கும். பவளம் என் கால் கட்டைவிரல் மேல் ஏறி நின்றிருந்தது. கத்தியது நான்.

தெருவே வேலியில் கூடிவிட்டது. "பாத்தீங்களா, கன்னு எப்பிடிக் கத்துது!" என்றார் ஒருவர். "கன்னு இல்ல, என் மச்சான்!" என்றார் முருகையன். சிரித்துச் சிரித்து அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. வசந்தா தையல் போட்ட புருவத்தைத் தடவியபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எனக்கு மட்டும் இரண்டாவது முறை காபி வந்தது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கன்று பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே மாட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். மரத்துப்போகும் ஊசி இல்லாமல் செய்கிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். புண்ணில் ஈ மொய்க்காமல் பாருங்கள். அக்கம்பக்கத்தில் மோட்டார் ஓடுகிறதா என்று கேளுங்கள். முக்கியமாக, செருப்பு போதாது, ஷூ போட்டுப் போங்கள். திரும்ப மதியம் இரண்டு மணி பஸ் காலியாக இருந்தது. காலை நீட்டிக்கொண்டே வந்தேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அங்கிருந்து கிளம்பும்போது சின்னப்பொண்ணு அக்கா வேலியோரம் டாக்டரம்மாவை மடக்கினார். குரல் மட்டும் பாதியாக இறங்கியிருந்தது.

"எங்கூட்டுக் கன்னுக்கும் இருபது நாளு ஆவுதும்மா. எப்ப வரீங்க? முருகையன் வந்து நெறம் பாக்கட்டும். ஆனா அந்தக் கத்தற ஆள மட்டும் கூட்டியாராதீங்க, கன்னு பயந்துக்கும்."