மருமகளின் லினக்ஸ்

நெட் வருகிற மோடத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்க்கிறாள் என் மருமகள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிற மாதிரி. "சுடுது, பாவம்" என்று மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிடுகிறாள். எங்களுக்குப் புழுங்கினால் புழுங்க வேண்டியதுதான்.

டாக்டர்கள் பேசிப் பதிந்து அனுப்புவதைக் காதில் மாட்டிக் கேட்டு, டைப் அடித்துக் கொடுப்பது அவள் பிழைப்பு. படுக்கையறை மூலைதான் ஆபீஸ். எந்த டாக்டர் வார்த்தையை விழுங்குவார் என்பதெல்லாம் அத்துப்படி. ஒருவர் குரல் கம்மியிருந்தால், "வீட்ல சண்டை போல, அத்தை" என்பாள்.

அவள் கம்ப்யூட்டரை ஓட்டுவது லினக்ஸ் என்கிற மென்பொருளாம். திங்கள் முதல் பழைய லினக்ஸில் வேலை திறக்காது, புதியது இல்லாதவர்கள் நின்றுகொள்ளலாம் என்று வேலை தருகிற ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். புதுக் கம்ப்யூட்டரே வாங்கிவிடலாம் என்றான் என் மகன்.

"பொட்டிக்கு என்ன கேடு? லினக்ஸ் சும்மாவே கெடைக்குது. நம்ம நெட்டுதான் நொண்டுது."

அதனால், வேகமான நெட் இருக்கும் தோழி வீட்டில் இறக்கச் சொல்லி, பென் டிரைவில் வாங்கிவர என் மகனை அனுப்பினாள். அந்த அவசரக்குடுக்கை முழுதும் ஏறுவதற்குள் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான். ஞாயிறு காலை பார்த்தால் கோப்பில் ஓட்டை. தோழியோ வெளியூர் கிளம்பிவிட்டாள்.

"ஏறிடுச்சுன்னு நெனச்சேன்டி."

"நெனச்சீங்க! பஸ்ஸு நிக்கறதுக்குள்ள குதிக்கிற ஆளாச்சே."

முதலிலிருந்து இறக்கினால் திங்கள் போய்விடும், வேலையும் போய்விடும். போச்சே என்று நான் உட்கார்ந்துவிட்டேன். அவளோ, "சுவத்துல ஓட்டைன்னா வீட்டையா இடிப்பாங்க, அத்தை?" என்றாள். டாரண்ட் என்று ஒன்றாம். இருக்கிற கோப்பைத் துண்டு துண்டாகச் சரிபார்த்து, இல்லாத துண்டுகளை மட்டும் இறக்குமாம். மகன் கொண்டுவந்ததை அதனிடம் கொடுத்தாள். எல்லோர் போனிலும் நெட்டை அணைத்தாள், என் சீரியல் உட்பட. நான் சண்டை போட்டேன். அவள் கேட்கிற ஆளா?

எனக்கு எழுத்து தெரியாது, பச்சைக் கோடு நகர்வது தெரியும். அது நத்தையாக ஊர்ந்து சாயங்காலம் விளிம்பைத் தொட்டது. உடனே புதியதைப் பெட்டியில் ஏற்றினாள். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

திங்கள் காலை ஆபீஸ் பக்கத்தைத் திறந்தாள். திறந்துகொண்டது. அடுத்த நொடியே காதில் மாட்டிக்கொண்டு தட்ட ஆரம்பித்துவிட்டாள். மகன் அவள் பின்னால் திருடன் மாதிரி நின்றான்.

அவள் திரும்பவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள். ஒரு கையால் தட்டிக்கொண்டே, மறு கையைப் பின்னால் நீட்டித் துழாவி, அவன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள்.