மோட்டார் ரூம்ல யாருங்க?

போன வருடம் கோடை தொடங்கிய சமயம். தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குச் சற்றுத் தள்ளி நாங்கள் பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறோம். எடை போட்டு வாங்குவது கணவர். வந்த சரக்கை செம்பு, பித்தளை, அலுமினியம், பிளாஸ்டிக் என்று பிரித்துப் போடுவது நான். பெரிய படிப்பெல்லாம் இல்லை. ஆனால் எதைக் கையில் எடுத்தாலும் இது எதற்கு, எப்படி வேலை செய்கிறது என்று குடையாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "இவகிட்டக் குடுத்தா கல்லையும் கழட்டிப் பார்ப்பா" என்று கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் என் மானத்தை வாங்குவார்.

ஒரு நாள் ஒரு வியாபாரி கொட்டிய மூட்டையில், ஒயர் துண்டுகளுக்கும் உடைந்த ஃபேனுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சை போர்டு கிடந்தது. டிவி போர்டு, ஸ்டெபிலைசர் போர்டு, வாஷிங் மெஷின் போர்டு எல்லாம் எனக்கு அத்துப்படி. இது எதிலும் சேரவில்லை. ஒரு முனையில் வால் மாதிரி கறுப்பு ஒயர். அடிப்பக்கம் முழுக்க அட்டை ஒட்டி, ஓரமெல்லாம் தார் போலப் பசை பூசியிருந்தார்கள்.

எதிர்க்கடை டிவி மெக்கானிக்கிடம் காட்டினேன். அந்த வால் ஆன்டெனா, ரேடியோ சமாச்சாரமாக இருக்கும் என்றார். பேட்டரி கடைக்காரர் யுபிஎஸ் என்று அடித்துச் சொன்னார். என் கொழுந்தனார் ஒருபடி மேலே போய், "குண்டு கிண்டா இருக்கப் போகுது அண்ணி, தள்ளி வைங்க" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் மிச்சம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் கூட்டம் இருக்காது. போர்டில் ஒயர் மாட்டும் இடத்தில் பன்னிரண்டு வோல்ட் என்று போட்டிருந்ததால், பழைய பைக் பேட்டரி ஒன்றை இணைத்துப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை விளக்கு கண் சிமிட்டியது. அவ்வளவுதானா என்று நான் எழுந்திருக்கும்போது, யாரும் தொடாமலே போர்டுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் எனக்கு இதே வேலை. பேட்டரியை இணைப்பேன், காத்திருப்பேன், 'டக்'. டைமர் என்றால் ஒரே கணக்கில் அடிக்க வேண்டுமே? ஒரு நாள் உட்காருவதற்குள் அடித்தது. இன்னொரு நாள் டீ குடித்து டம்ளர் கழுவி வைத்த பிறகு அடித்தது. சூட்டினால் இருக்குமோ என்று விசிறிப் பார்த்தேன். வெளிச்சத்தினால் இருக்குமோ என்று துணி போட்டு மூடிப் பார்த்தேன். "அடிச்சுத் தொலையேன்" என்று அதனிடம் பேசவும் ஆரம்பித்துவிட்டேன். கணவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கினார்.

ஒரு வாரம் போயிருக்கும். பொறுக்க மாட்டாமல் கத்தியைச் சூடு காட்டி அடிப்பக்கத்து அட்டையைப் பெயர்த்தேன். உள்ளே ஒரு சிம் கார்டு! குழப்பம் தீரும் என்று பார்த்தால் இரண்டு மடங்கானது. பேசுவதற்கு மைக்கும் இல்லை, கேட்பதற்கு ஸ்பீக்கரும் இல்லை. இதற்கு எதற்கு சிம்? கடையில் கிடந்த பட்டன் போனில் அதைப் போட்டேன். உயிரோடுதான் இருந்தது. இதை வைத்து என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"ஹலோ" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல், பயந்துகொண்டே கேட்டது. "மோட்டார் ரூம்ல யாருங்க?"

"மோட்டார் ரூமா? இது பழைய இரும்புக் கடைங்க."

"இல்லீங்க, இது என் மோட்டார் நம்பருங்க. இதுல யாரும் பேச மாட்டாங்களே!"

தோட்டத்தில் மோட்டார் ஓடத் தேவையான த்ரீ பேஸ் கரண்ட் வந்ததும், மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் போர்டு அவருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்குமாம். அவர் திருப்பி அழைத்தால் மோட்டார் ஓடுமாம். அன்றைக்கு மிஸ்டு கால் வரவில்லையே என்று அவராகவே அழைத்திருக்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பேட்டரியை இணைத்தபோதெல்லாம் அவருக்கு 'கரண்ட் வந்துவிட்டது' என்று சேதி போயிருக்கிறது. நான் டைமர் என்று நினைத்த அந்த 'டக்', முகம் தெரியாத ஒரு மனிதர் எங்கிருந்தோ தன் பயிருக்குத் தண்ணீர் திறந்துவிட்ட சத்தம்.

பக்கத்தில் நின்ற கணவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரோ தோட்டத்தில் புகுந்து ஸ்டார்ட்டரைத் திருடி, உடைத்து விற்றிருக்கிறார்கள். கட் பண்ணு என்று சைகை காட்டினார். திருட்டுச் சரக்கு வாங்குகிற கடை என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் பிறகு எங்கள் பிழைப்பு என்னாவது? எனக்கும் பயம்தான். விரல் சிவப்பு பட்டன் மேலேயே இருந்தது. அப்போது போனில் அவர் கேட்டார், "அப்ப நான் ஆன் பண்ணதுக்கெல்லாம் தண்ணி பாயலீங்களா?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "பாயலீங்க. இங்க டக்குன்னு சத்தம் மட்டுந்தாங்க வந்துச்சு" என்று சொல்லி, கடை இருக்கும் இடத்தையும் சொன்னேன். கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சண்டைக்கு ஆளோடு வருவார் என்று பயந்துகொண்டிருந்தோம். தனியாக, கையில் காலி பிளாஸ்க்கோடு வந்தார். ஊர் ஏரியூர்ப் பக்கம். மனைவிக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று இங்கே ஆஸ்பத்திரியில் கூட இருக்கிறார். எங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். தக்காளிக்குச் சொட்டு நீர் போட்டிருப்பதால், மோட்டார் ஓடினால் பயிருக்குத் தானாகப் பாய்ந்துவிடும். பக்கத்துக் காட்டுக்காரர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டதால் போய்ப் பார்க்க ஆள் இல்லை. மிஸ்டு கால் வராமல் இருந்திருந்தால் முதல் நாளே சந்தேகப்பட்டிருப்பார். நேரம் மாறி வந்தபோதும், கரண்ட் முறை மாறியிருக்கும் என்று இருந்துவிட்டார்.

சொல்லி முடித்ததும் அவர் போர்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

கணவர் எழுந்தார். கடையில் கிடந்ததில் நல்ல ஸ்டார்ட்டர் ஒன்று, வேண்டிய ஒயர், தெரிந்த எலக்ட்ரீசியன் எல்லாவற்றையும் லோடு ஆட்டோவில் ஏற்றினார். அந்த விவசாயியின் மனைவிக்குத் துணையாக என் நாத்தனாரை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். பார்க்காமல் என்னால் இருக்க முடியாது.

தோட்டத்தில் மேட்டுப் பக்கத்துச் செடிகள் கருகிப் போயிருந்தன. கையில் பிடித்தால் நொறுங்கின. பள்ளத்தில் இருந்தவை மட்டும் தலை தொங்கி, உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. எலக்ட்ரீசியன் சிம்மைப் போர்டில் திரும்பப் போட்டு எல்லாவற்றையும் மாட்டி முடித்ததும், கரண்டுக்காகக் காத்திருந்தோம். விவசாயியின் போன் அடித்தது. கண்ணெதிரே மோட்டார் இருந்தும், பழக்கத்தில் போனிலேயே திருப்பி அழைத்தார். 'டக்'. அதே சத்தம். இந்த முறை குழாய் உறுமி, சொட்டுக் குழாயெல்லாம் நனைந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் கணவரே அவரோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், மூட்டை கொண்டுவந்த ஆளின் அடையாளத்தைச் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்த ஆள் எங்கள் கடைப் பக்கம் வரவில்லை.

மனைவியை வீட்டுக்கு அழைத்துப் போகிற அன்று அவர் கடைக்கு வந்தார். மேட்டுச் செடிகள் போனது போனதுதான், பள்ளத்துச் செடிகள் துளிர்த்துவிட்டன என்றார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியதும் தடுத்தார். "விடுங்கம்மா. அவ சோறு தண்ணி எறங்காம கெடந்தா. தெனமும் மிஸ்டு கால் வந்ததும், 'தக்காளிக்குத் தண்ணி பாயுது, நீயும் ரெண்டு வாய் குடி'ன்னு சொல்லித்தான் கஞ்சி ஊட்டுனேன். அதைக் கேட்டுத்தான் எந்திரிச்சு உக்காந்தா" என்றார்.

அந்த ஒரு வாரம் நான் அவருக்குச் செய்தது கெடுதலா, உதவியா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் இப்போதும் சரக்கு பிரிக்கும்போது ஏதாவது ஒரு போர்டு கையில் தட்டுப்பட்டால், இது என்ன என்று நான் முதலில் கேட்பதில்லை, இதை நம்பி எங்கே யார் உட்கார்ந்திருக்கிறார்களோ என்றுதான் மனசு கேட்கிறது.