சகலைக்குப் பதினெட்டு

எங்கள் மாமாவுக்குத் தெருவில் ‘டேப்பு’ என்று பெயர். தையல்காரர். கழுத்தில் தொங்கும் டேப்பைவிட அவர் கண்தான் ஆட்களை அதிகம் அளக்கும். அதிலும் லாரி ஓட்டும் சகலையை. சகலை வீட்டு வாசற்கதவு தன் வீட்டுக் கதவைவிட நாலு விரல் அகலம் என்பது மாமாவுக்கு மனப்பாடம்.

அத்தைக்குப் படியேறினாலே மூச்சு வாங்கியது. ரத்தம் பரிசோதிக்கக் கூட்டிப்போனார்கள். லாரியில் கொண்டுவந்து விட்ட சகலை சும்மா இருக்காமல் தானும் கையை நீட்டினார். உடனே மாமாவும் நீட்டினார். ஹீமோகுளோபின் அத்தைக்கு ஒன்பது, மாமாவுக்குப் பதினாலு புள்ளி ஆறு, சகலைக்குப் பதினெட்டு புள்ளி இரண்டு.

“ரத்தத்துலயும் முந்திட்டாரு பாத்தியா?”

“பரீட்சையா எழுதினீங்க? பேசாம வாங்க,” என்றாள் அத்தை.

டாக்டர் அத்தைக்கு மட்டும் முப்பது இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். வாங்கி வந்தவர் மாமா. பதினைந்து அத்தை கைக்குப் போனது. பதினைந்து பட்டன் டப்பாவுக்குள் போனது.

“கடையில பாதிதான் இருந்துச்சு. ஒருநாள் விட்டு ஒருநாள் போடு, போதும்.”

அன்றிலிருந்து மாமாவுக்கு மலம் இறுகியது; காலையில் கழிவறைக்குள் போனால் வெளியே வர அரைமணி ஆனது.

ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை. மாமா அதே பதினாலு புள்ளி ஆறு. அத்தை ஒன்பது புள்ளி இரண்டு.

“மாத்திரை போட்டும் ஏறலையே,” என்றார் டாக்டர். “உள்ள எங்கயாவது ரத்தம் கசியுதோ என்னவோ. வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாத்துடலாம்.”

அத்தை மாமாவின் சட்டையைப் பற்றிக்கொண்டாள். மாமா தொண்டையைச் செருமினார்.

“கசியலைங்க. பாதி மாத்திரை நான் சாப்பிட்டுட்டேன்.”

“உங்களுக்கு எதுக்கு?”

“சகலைக்குப் பதினெட்டுங்க.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். “ஆம்பளைக்குப் பதிமூணுலேர்ந்து பதினேழு. உங்களுது அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு. பதினெட்டு தாண்டுறது பெருமை இல்லைங்க. அவரு சிகரெட் பிடிப்பாரா?”

“ரெண்டு பாக்கெட்.”

“அந்தப் புகைதான் ஏத்தியிருக்கும். முதல்ல அவரை வரச் சொல்லுங்க. பொம்பளைங்களுக்குப் பன்னெண்டாவது வேணும். இவங்க மாத்திரையை இவங்களே சாப்பிடட்டும்.”

வீட்டுக்குத் திரும்பியதும் அத்தை வாசலில் நின்று மூச்சு வாங்கினாள். “என் மூச்சை எடுத்துட்டுப் போயா அவரோட ஓடுவீங்க?”

மாத்திரை அவள் பெட்டிக்குள் போனது. மூன்று மாதத்தில் பன்னிரண்டைத் தொட்டாள்.

நேற்று மாமா சட்டையில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்தபடி மெதுவாக ஆரம்பித்தார். “சகலை சிகரெட்டை விட்டுட்டாராம். இப்போ பதினாறுதானாம்.”

“இன்னும் உங்களைவிட ஜாஸ்திதான்,” என்று சொல்லிவிட்டு அத்தை பெட்டியைப் பூட்டினாள்.