குகையில் இல்லாத கப்பல்

அத்தாஉல்லா நானா மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. பாவமாகவும் இருக்கிறது. கண்டக்குழியில் அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரி நான்; அண்ணன் முறையில் நானா என்பேன்.

தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு புலிகளால் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்தவர். இருபது வருசம் வெங்காயத் தோட்டங்களில் கூலி. சண்டை முடிந்து கரையோரம் ஹோட்டல்கள் முளைத்ததும் வேன் ஓட்டத் தொடங்கினார். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு தூரத்தில் ஒரு மலைக்குப் போவார். பாறையைக் குடைந்து பிக்குமார் வாழ்ந்த பழைய குகைகள் அங்கே உண்டு. கூரை முழுக்க ஓவியம். நானா மட்டும் உள்ளே போனதில்லை. தொப்பியைக் கழற்ற வேண்டும், சிலைகள் இருக்கிற இடம் வேறு என்று அடிவாரத்திலேயே வேனுக்குள் படுத்துவிடுவார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி நஃபீஸா விடமாட்டாள். "என்ன பாத்தீங்க?" தூங்கினேன் என்று சொல்ல வெட்கம். கூரையில் பெரிய கப்பல் வரைந்திருக்கிறது, சுற்றிவர மீன்கள் என்று ஒருநாள் அளந்துவிட்டார். அவள் கேட்கக் கேட்க, ஒவ்வொரு பயணத்துக்கும் கப்பலில் ஆட்கள் கூடினார்கள்.

பிறகு அவளுக்கு இருந்த சீனி வருத்தம், நீரிழிவு, கண்ணைப் பிடித்தது. மிச்சப் பார்வையைக் காப்பாற்றலாம், கிளினிக்கைத் தவறவிட வேண்டாம் என்றார் டொக்டர். ஒன்றும் தவறவிடாமல்தான் போனாள். ஆனாலும் பயம்.

"கண் இருக்கக்குள்ளயே அந்தக் கப்பல ஒருக்கா காட்டுங்க" என்றாள்.

வேன் பழுது, மழை, ஹயர் ஓட்டம் என்று நானா இரண்டு மாதம் கடத்தினார். கடைசியில் வேறு வழியில்லை. என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டார்கள்.

படியெல்லாம் கைத்தாங்கலாக ஏற்றினோம். வாசலில் நானா தொப்பியைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் வைத்தார். உள்ளே கூரை முழுவதும் புத்தர்கள், நூற்றுக்கணக்கில், வரிசை வரிசையாக இருந்தார்கள். சிவப்பும் மஞ்சளும். கப்பல் இல்லை.

நஃபீஸா தலையை நிமிர்த்தி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "கப்பல் எங்க?"

நானா பொக்கற்றிலிருந்த தொப்பியைத் தடவினார். சொல்லித் தொலையுங்களேன் என்று மனசுக்குள் கத்தினேன்.

"எனக்கு ஆக்கள் வரிசையா குந்தியிருக்கிற மாதிரித்தான் தெரியுது" என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அப்ப கண் போயிட்டுது."

அவள் சரியாகத்தான் பார்த்திருந்தாள்.

திரும்பும் வழியில் நானா வேனை ஓரமாக நிறுத்தினார். "நஃபீஸா, அங்க கப்பலே இல்ல. நான் ஒருநாளும் உள்ள போனதில்ல. உனக்குப் பொய்தான் சொன்னன். நீ கண்டதுதான் சரி."

அவள் அவர் கையைத் தடவிக் கொடுத்தாள். "நான் மனசு விட்டுருவன் எண்டு சொல்றீங்க. விடுங்க."

நானும் சத்தியம் செய்தேன். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டுதான் தேற்றுகிறோம் என்று நினைத்துவிட்டாள்.

அடுத்த கிளினிக் நாளில் அவள் வெளிக்கிடவில்லை. "போன கண்ணுக்கு என்னத்துக்கு கிளினிக்?" நானா அழுதார், கெஞ்சினார், காலையும் பிடித்தார். ஒவ்வொரு மாதமும் அதே பதில்தான். அடுத்த வருச நோன்புக்குள் அவளுக்கு உண்மையாகவே பார்வை போய்விட்டது.